சிவப்பு டேப் ஒட்டிய போன்

லோவெலின் கை ரிசீவரைத் தொடுவதற்குள், அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த மனைவி ஜனீன் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"எடுத்தே, அவ்வளவுதான். முப்பத்திரண்டு நாள் பொறுத்ததெல்லாம் வீணாப் போயிடும்."

மேசைமேல் அந்தக் கறுப்புத் தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ரிசீவருக்குக் குறுக்கே சிவப்பு டேப். அதன்மேல் லோவெலே போட்ட கையெழுத்தும் தேதியும்.

வாஷிங்டனில் இரண்டு கட்சிகளும் முறைத்துக்கொண்டு நிதி மசோதா விழுந்து அரசு அலுவலகங்கள் மூடப்பட்ட அன்று, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்கள் எல்லோரையும் அப்படி ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மறு உத்தரவு வரும்வரை அலுவலகப் போன், கம்ப்யூட்டர் எதையும் தொடக் கூடாது. சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம், வேலை போய்விடும்.

பன்னிரண்டு வருடப் பழக்கம். தினம் எட்டு மணி நேரம் அந்த ரிசீவரைக் காதில் வைத்திருந்தவன். மணி கேட்டால் கை தானாகவே போகிறது.

சத்தம் அடங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி ஆரம்பித்தது.

மேலதிகாரி கேரிசனாகத்தான் இருக்கும் என்றான் லோவெல். மூன்றாம் நாளே ராஸ்முசன் என்ற சக ஊழியன் ஒரே ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு, விசாரணை நோட்டீஸ் வாங்கியிருந்தான். யாருக்குக் கை அரிக்கிறது என்று மேலிடமே கூப்பிட்டுச் சோதிப்பதாக ஆக்டன் நகரத்து அரசு ஊழியர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள்.

சம்பளம் வராததைக்கூடத் தாங்கிவிடலாம். வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால் பிரின்னுக்கு ஆபரேஷன் கிடையாது.

அவர்களுடைய ஒரே மகள், பதினோரு வயது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீரகத்துக்காகப் பதினான்கு மாதமாகப் பட்டியலில் காத்திருக்கிறாள். ஊசி குத்த இனி நல்ல நரம்பு இல்லை, மார்ச்சைத் தாண்டுவது கஷ்டம் என்று போன வாரம் டாக்டர் கதவுக்கு வெளியே வைத்துச் சொல்லியிருந்தார்.

சோபாவில் போர்வைக்குள்ளிருந்து பிரின் கேட்டாள்: "அப்பா, நீ அவசியமில்லாத ஆளுன்னுதானே வீட்டுல உட்கார வெச்சாங்க? அப்புறம் ஏன் இந்தக் கூப்பாடு?"

"நான் இல்லாம நாடு தவிக்குது போல."

"நாட்டை லைன்லயே இருக்கச் சொல்லு."

ஏழாவது முறை அடித்தபோது லோவெல் மேசைக்கே வந்துவிட்டான். என்னவோ அவசரம் போலிருக்கிறதே என்றான். டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தும்விட்டான்.

"அவளைப் பார்த்துட்டு அப்புறம் கிழி," என்றாள் ஜனீன்.

நகத்தை எடுத்துவிட்டான். படுக்கையறையிலிருந்து பெரிய தலையணை ஒன்றைக் கொண்டுவந்து போன்மேல் அழுத்தினான். சத்தம் உள்ளே மூச்சுமுட்டுவது போலக் கேட்டது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சர்ச்சிலிருந்து பிஷப் கொடுத்தனுப்பிய டின் சூப் இவர்களுக்கு, உப்பில்லாத பாஸ்தா பிரின்னுக்கு. ஜனீனின் ஏப்ரன் பையில் அவளுடைய செல்போன், லோவெலின் சட்டைப் பையில் அவனுடையது. பாத்ரூமுக்குப் போனால்கூட அதைக் கூடவே எடுத்துப் போவார்கள். ஆஸ்பத்திரி உத்தரவு அப்படி.

ஒரு விதத்தில் அன்று நிம்மதியான நாள். வீட்டுக்கடன், கார்க் கடன், கிரெடிட் கார்டு, செல்போன் பாக்கி என்று எட்டு மணிக்கே அரிக்கத் தொடங்கும் வசூல்காரர்களில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. அவர்களுக்கும் மனசாட்சி முளைத்துவிட்டதாக ஜனீன் சிரித்தாள். லோவெல் வீட்டு வைஃபையில் செய்தி பார்த்தான். செனட்டில் ஓட்டெடுப்பு மறுபடி தோற்றிருந்தது.

மூன்றேகாலுக்குத் தலையணைக்கடியில் சத்தம் நின்றது. அப்புறம் வரவேயில்லை.

"ஜெயிச்சுட்டோம்," என்று ஜனீன் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர். தொப்பியில் பனி ஒட்டியிருந்தது.

லோவெல் முந்திக்கொண்டான். வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை, டேப் கிழியவில்லை, வேண்டுமானால் உள்ளே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடகடவென ஒப்பித்தான்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் டேப்பைப் பார்க்க வரலை, மிஸ்டர் ஹேட்லாக். உங்களைத் தேடிப் பிடிச்சு உடனே சால்ட் லேக் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாங்க. நான் வர்ற வழியிலேயே, இனிமே வேண்டாம்னுட்டாங்க. கிட்னி அடுத்த குழந்தைக்குப் போயிடுச்சு."

ஜனீன் ஏப்ரன் பையிலிருந்து செல்போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். கண் விழித்ததிலிருந்து கையைவிட்டு இறக்கவில்லை, ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்றாள்.

"உங்க ரெண்டு செல்லும் காலையிலேர்ந்து சேவையில இல்லைன்னே வருதாம், மேடம்," என்றார் அவர். "ஆஸ்பத்திரி ஃபாரத்துல மூணாவதா ஒரு ஆபீஸ் நம்பர் குடுத்திருந்தீங்களாமே, அதுலதான் பதினோரு தடவை கூப்பிட்டிருக்காங்க."