சிலேட்டு முதலாளி

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினார் முதலாளி.

எதிரே நின்ற மெக்கானிக் தலையைச் சொறிந்தான். அட்டைப்பெட்டி மடிக்கும் மெஷின் காலையிலிருந்து மக்கர் பண்ணுகிறது. பழைய பெல்ட்டையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா, புதிது மாற்றுவதா என்று கேட்கத்தான் வந்திருந்தான்.

“மாத்திடலாம் சார். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் மெஷின் நிக்கும். அப்புறம் வருஷம் பூரா தொந்தரவு இல்ல.”

முதலாளி தலையாட்டினார், சிலேட்டைத் துணியால் துடைத்தார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

வெளியே வந்த மெக்கானிக், பசை வாளியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, கடவுளா பார்த்து அவரு தொண்டையில கட்டியைக் குடுத்தாரு. நம்ம காதெல்லாம் பிழைச்சுது.”

“வாயை மூடுய்யா. பாவம், ஆபரேஷன் பண்ணின மனுஷன்” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஆனால் அவன் சொன்னது உண்மை. முன்பெல்லாம் முதலாளி பேச ஆரம்பித்தால் வெட்டும் மெஷினின் சத்தம்கூட அடங்கிப்போனதுபோல் இருக்கும். எந்தப் பசை, எந்த மை, யார் முதலில் சாப்பிடப் போவது, எல்லாம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். தப்பு யார் செய்தாலும் திட்டு சூப்பர்வைசருக்கு.

கடைசியாக, அளவு மாறிப்போன ஒரு லோடு பெட்டி திரும்பி வந்தபோது, எல்லோர் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த அளவைச் சொன்னதே அவர்தான். அன்று சாயங்காலமே அவள் போட்டிக் கம்பெனிக்குப் போன் செய்து வேலை கேட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன். பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, மகளுடைய பழைய சிலேட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தார். கத்துவது சுலபம், எழுதினால் விரல் வலிக்கிறது. உத்தரவுகள் நாளுக்கு நாள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அந்த ஒரே கேள்வியில் வந்து நின்றன.

கேட்கப்பட்டவர்கள் முதலில் திருதிருவென்று முழித்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் யோசித்தார்கள். இரண்டு மாதமாக ஒரு லோடுகூடத் திரும்பி வரவில்லை.

இந்த நேரம் பார்த்து சூப்பர்வைசருக்குப் போட்டிக் கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

“போகாதீங்கக்கா. இப்பத்தான் நிம்மதியா இருக்கோம்” என்றான் மெக்கானிக்.

“நிம்மதிதான். குரல் வந்ததும் என்னாகும்? ரெண்டு மாசக் கத்தலையும் வட்டியோட கத்தித் தீர்ப்பாரு. மறுபடியும் எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சு நிக்க என்னால முடியாதுப்பா.”

“எப்ப வருமாம்?”

“கேட்டேன். மேல கையைக் காட்டினாரு.”

“அப்ப டாக்டரையே போய்ப் பாருங்க. சும்மா கேட்டுட்டு வராதீங்க. இன்னும் ஒரு வருஷம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுங்க. அந்தாளு காலில வேணும்னாலும் நான் வந்து விழறேன்.”

சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்க அவள் முதலாளி அறைக்குப் போனாள். உள்ளே முனகலாக ஒரு பழைய பாட்டுக் கேட்டது. ரேடியோ போலிருக்கிறது, கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது.

“சார், இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்பட்டுமா?”

போட்டிக் கம்பெனி விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அவளையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதிக் காட்டினார்: “நாளைக்கு வருவீங்கல்ல?”

“வரேன் சார்” என்றாள், சிலேட்டையும் அவரையும் பார்க்காமல்.

காது மூக்குத் தொண்டை டாக்டரின் அறையில், மூக்குக்குள் பாசிமணியைப் போட்டுக்கொண்ட குழந்தை ஒன்று அழுது ஓய்ந்து வெளியே போயிற்று. மேஜைமேல் பெரிய பிளாஸ்டிக் காது ஒன்று இருந்தது. டாக்டர் அதைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன தொந்தரவு?”

“எனக்கில்ல டாக்டர், எங்க முதலாளிக்கு. அட்டைப்பெட்டிக் கம்பெனி.”

“ஓ, அவரா! ஆபரேஷனுக்கு முன்னாடி இங்க உக்காந்து பேசினாரு, இந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.”

ஜன்னல் கண்ணாடி என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துத் திட்டு, சிலேட்டு, போட்டிக் கம்பெனி என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நல்ல மனுஷன்தான் டாக்டர். வாயைத் திறக்காத வரைக்கும். எனக்கு அந்த இடத்தை விட்டுப் போக மனசே இல்ல. ஆனா பழையபடி கத்த ஆரம்பிச்சிட்டா ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்.”

கைப்பைக்குள் போன் அடித்தது. போட்டிக் கம்பெனி. “ரெண்டு நிமிஷம் சார், இதோ முடிவு சொல்லிடறேன்” என்று துண்டித்துவிட்டு, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும் டாக்டர். அவருக்குக் குரல் எப்ப வரும்?”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளை விநோதமாகப் பார்த்தார்.

“என்னம்மா சொல்றீங்க? அவருக்குக் குரல் வந்து ஒரு மாசமாச்சே!”