அதி

"இது அதி, மங்காயம்மா. ரொம்ப அதி."

புது மாப்பிள்ளை கிஷோர் கை கழுவி வந்து உட்காரும் நேரம் பார்த்துத்தான் சத்திராஜு தங்கையிடம் இதைச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமலாபுரத்தில் அந்த வார்த்தை தெரியாதவர் கிடையாது. அதிலும் சத்திராஜு வாயில் நாள் முழுக்கப் புழங்கும். பாயசத்தில் சர்க்கரை கூடினால் அதி. பையன் தலைமுடி வளர்த்தால் அதி. கல்யாண வீட்டில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தால் போதும், "அதி பண்றா பாரு" என்பார். எது அளவு என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டது.

ஆனால் இன்றைக்கு அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. சங்கராந்திக்குப் புது மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைப்பது கோதாவரிப் பக்கத்து வழக்கம்தான். அதற்காக இப்படியா? மேஜை போதாமல் கட்டிலையும் இழுத்துப் போட்டு, அதன் மேலும் கிண்ணங்கள். கோழி, இறால், நண்டு, அரிசெலு, காகிதமாய் மடித்த பூதரேக்கு, இன்னும் பேர் தெரியாத இனிப்புகள். ஓரமாக ஒரு பலாப்பிஞ்சுப் பொரியல். வைத்தவளோ, புருஷன் போன பிறகு ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள்.

போன வருஷம் தன் மாப்பிள்ளைக்கு சத்திராஜு வைத்த விருந்தை ஊரே வாய் ஓயாமல் பேசியது. அதற்கு இது கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் அவருக்கு உள்ளே உறுத்தியது. வெளியே சொல்வாரா?

"மெஷினை மிதிச்சுப் பிழைக்கிறவளுக்கு இந்தப் பவிசு எதுக்கு? ஊர் மெச்சணுமா?"

மங்காயம்மாவின் முகம் செத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

"மாமா சொல்றது சரிதான். அடுத்த வருஷம் குறைச்சுக்கலாம், அத்தை."

மாப்பிள்ளையே ஒத்துக்கொண்டுவிட்டானே! இந்த அதியில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார் சத்திராஜு. ஒரு வாயாவது சாப்பிட்டுப் போகச் சொல்லி தங்கை தெருமுனை வரை கெஞ்சிக்கொண்டே வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குத் தங்கை மகள் லாவண்யா வந்தாள். கையில் ஒரு தூக்கு. கண் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்கம்மா நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று ஆரம்பித்தார் அவர்.

"அம்மா எதுவும் வேண்டாம்னுதான் சொன்னா, மாமா. இவர்தான் கேக்கலை. விடியறதுக்கு முன்னாடி அத்தனையும் கொல்லைப்பக்கமா கொண்டுவந்து இறக்கினார். போன வருஷம் நீங்க வெச்ச விருந்துக்கு முன்னால எங்கம்மா தலை குனியக் கூடாதாம். யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாதுன்னார். எனக்குத்தான் பொறுக்கலை."

ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எறிந்த வார்த்தை, இப்போது சத்திராஜு மேலேயே வந்து விழுந்திருந்தது. பாவி, பந்தியில் வைத்து என்ன பேச்சுப் பேசிவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து துண்டைத் தேடினார்.

"இப்பவே வரேம்மா. அவகிட்ட ஒரு வார்த்தை..."

"இன்னிக்கு வேண்டாம், மாமா. அம்மா கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கா. யார் கூப்பிட்டாலும் திறக்கலை."

தூக்கை அவர் கையில் வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள். அவர் மூடியைத் திறந்தார். பலாப்பிஞ்சுப் பொரியல். கடுகு அரைத்துப் போட்டு, அவரும் தங்கையும் பிறந்த வீட்டுப் பக்குவத்தில்.

வாசலில் நின்று லாவண்யா திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மேஜையில அம்மா கையால சமைச்சது இது ஒண்ணுதான், மாமா. உங்களுக்குப் பிடிக்குமேன்னு."