சொட்டும் குளம்பும்

குழாயடியில் ஒரு தொட்டாச்சிணுங்கி முளைத்திருந்தது. குழாயோ ஒழுகல் குழாய். ஒரு சொட்டு விழுந்தால் போதும், இலையெல்லாம் பொத்திக்கொள்ளும். விரிப்பதற்குள் அடுத்த சொட்டு. மூடிய இலைக்கு வெயில் ஏது, சாப்பாடு ஏது? தண்டு நூலாகிவிட்டது. இப்படியே போனால் சாவுதான் என்று அதற்கே தெரிந்தது.

ஒருநாள், மூடப்போன இலையைப் பிடித்து நிறுத்தியது. "போன சொட்டு என்னை என்ன செய்தது?"

பக்கத்து அருகம்புல் சிரித்தது. "செடிக்கு எதுக்குடி யோசனை? நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆடு தின்னுட்டுப் போயிடும்."

"ஆடு வந்தா தரை அதிரும், வேருக்குத் தெரியும். சொட்டுக்கு ஏதுடி குளம்பு?"

அன்று முழுக்கச் சொட்டு விழுந்தது. ஆனாலும் தொட்டாச்சிணுங்கி மூடவில்லை. வயிறார வெயில் குடித்தது. சாயங்காலம் தரை அதிர்ந்தது. சட்டென்று பொத்திக்கொண்டது. வாடின செடி என்று ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்து, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த புல்லைத் தரையோடு தரையாக மேய்ந்துவிட்டுப் போனது.

சில நாளில் புல் மறுபடி துளிர்த்தது. தொட்டாச்சிணுங்கி அதற்குள் புது இலை விட்டிருந்தது.

"என்னவோ சொல்லிட்டிருந்தியே, என்னடி அது?" என்றது புல்.

"ஆடு வந்தா தரை அதிரும்னு சொன்னேன்."

"எந்த ஆடு?" என்றது புல்.