எல்லா மெடிக்கல்லயும் ஒரு போட்டோ

"எந்தப் பொண்டாட்டியாவது இப்படிப் பண்ணுவாளா மச்சான்?"

சம்பத் இதைக் கேட்டதும் எங்க வேன் ஸ்டாண்டே பத்திகிச்சு.

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசல்லேர்ந்து மகாபலிபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டறவங்க நாங்க. எங்கள்ல ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா சவாரியை வுட்டுட்டு எல்லா வண்டியும் கிளம்பிடும். அதுல எங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது.

கருங்குழிகிட்ட நாலு வழி ரோடு போட்டுகினு இருந்தப்ப, பள்ளத்துல வண்டியை வுட்டு சம்பத்துக்கு முதுகு போச்சு. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் குடுத்தாரு. முதுகு சரியாயி வண்டி எடுத்தப்புறமும் ஆளு மாத்திரையை வுடலை. வலி இருக்கறவன் போடறான், நமக்கென்னன்னு நாங்களும் வுட்டுட்டோம்.

அன்னிக்கு அவனைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. வேர்த்துக் கொட்டுது, மூக்கு ஒழுகுது, கொட்டாவி மேல கொட்டாவி.

"இன்னாடா ஆச்சு? விவரமா சொல்லு" என்றான் தர்மராஜ். அவன்தான் எங்க ஸ்டாண்டு தலைவன்.

"மாத்திரை கேட்டா எந்த மெடிக்கல்லயும் தர மாட்டேங்கறான் மச்சான். திருக்கழுக்குன்றத்துலேர்ந்து மகாபலிபுரம் வரைக்கும் ஒரு கடை பாக்கியில்ல. திருடன் போட்டோ மாதிரி என் போட்டோவை வெச்சிகினு, இவருக்குக் கிடையாதுங்கறான்."

"போட்டோவை எவன் குடுத்தான்?"

"வேற யாரு, என் பொண்டாட்டிதான்!"

சொல்லி வாய் மூடலை, டிபன் கேரியரோட வந்து நின்னா அமிர்தவல்லி. காலையில சாப்பிடாம வந்துட்டானாம் புருஷன்.

தர்மராஜ் பாய்ஞ்சான். "ஏம்மா, நீதான் கடை கடையா போட்டோ குடுத்தியா?"

அவ சம்பத்தைப் பார்த்தா. அவன் தலையைக் குனிஞ்சுகினான்.

"ஆமாண்ணா. நான்தான் குடுத்தேன்."

"புருஷன் மானத்தை இப்படியா சந்தி சிரிக்க வெப்பே? டாக்டர் எழுதின மாத்திரைம்மா அது. சாராயமா, கஞ்சாவா?"

"என்னை என்னா வேணா திட்டிக்குங்கண்ணா. மாத்திரை மட்டும் வாங்கிக் குடுத்துடாதீங்க, உங்களைக் கும்புடறேன்."

சீச்சீ, என்னா கல்நெஞ்சுன்னு எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

"எட்றா வண்டிய!" தர்மராஜ் கத்தினான்.

கடற்கரைக் கோயில் பார்க்க ஏறி உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார ஜோடியைக் கையைக் காலை ஆட்டி இறக்கி வுட்டேன். நாலு வேன், வரிசையா, ஆரன் அடிச்சிகினே பறந்தோம். சம்பத்து முன்னாடி வண்டியில சீட்டு நுனியில உட்கார்ந்துகினு, "சீக்கிரம் மச்சான், சீக்கிரம்"னு பரபரன்னு இருந்தான்.

திருக்கழுக்குன்றம் ராஜேந்திரன் மெடிக்கல் வாசல்ல நாலு வண்டியும் நின்னதும் தெருவே எட்டிப் பார்த்துச்சு. சம்பத்தை வண்டியிலயே வுட்டுட்டு நாங்க இறங்கினோம்.

சம்பத்துகிட்ட வாங்கின காலி மாத்திரை அட்டையை தர்மராஜ் மேஜை மேல போட்டான். "இதுல ஒரு அட்டை குடு. முதுகு வலி எனக்கு."

கடைக்காரர் ராஜேந்திரன் அட்டையைப் பார்த்தாரு, வெளியில நின்ன வேன்களைப் பார்த்தாரு. "இல்லீங்க" என்றாரு.

"ஏன்? எம்மூஞ்சி போட்டோவும் வெச்சிருக்கியா?"

"கோவப்படாதீங்க. இது டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டோம்."

"யோவ், ஒரு பொம்பள பேச்சைக் கேட்டுகினு ஒரு மனுசனைத் துடிக்க வுடறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"எந்தப் பொம்பளைங்க?"

"போட்டோ குடுத்தாளே, சம்பத்து பொண்டாட்டி!"

ராஜேந்திரன் முழிச்சாரு. "அந்தம்மா இந்தக் கடைப்படி ஏறினதே இல்லீங்களே. போட்டோ குடுத்தது சம்பத்துதான்."

"இன்னாது?"

"ஆமாங்க. 'மாத்திரைக்கு அடிமையாயிட்டேன். டாக்டர் கொஞ்சங்கொஞ்சமா கொறைச்சுகினு வராரு, எம் பொண்டாட்டி கையாலதான் போட்டுக்கறேன். தாங்காம நானே வந்து உங்க கால்ல வுழுந்தாலும் குடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டு, இதோ, இந்த இடத்துல நின்னு அழுதாருங்க."

நாங்க வண்டியைத் திரும்பிப் பார்த்தோம். சம்பத்து ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிகினு இருந்தான்.

தர்மராஜ் மேஜை மேல கிடந்த அட்டையை எடுத்துகினான். "அப்போ... அந்தப் பொண்ணு பழியைத் தன் மேல ஏத்துகிச்சா?"

எனக்கு அங்கேர்ந்து ஓடிடலாம் போல இருந்துச்சு. தர்மராஜ் காலி அட்டையைக் கசக்கிகினே படி இறங்கினான்.

"ஒரு நிமிஷங்க" என்று ராஜேந்திரன் கூப்பிட்டாரு. "இன்னொண்ணும் சொன்னாரு. 'எங்க ஸ்டாண்டு பசங்க எம்மேல உசுரையே வெச்சிருக்கானுங்க. எனக்கு மாத்திரை இல்லேன்னு சொன்னா வண்டி கட்டிகினு உங்ககிட்ட சண்டைக்கு வருவானுங்க. பொண்டாட்டி எப்படியாவது என்னைக் காப்பாத்திடுவா சார். அவனுங்க பாசத்துலேர்ந்து நீங்கதான் காப்பாத்தணும்'னு."