ஈர வார்னிஷ்

ஒடிந்த இடத்தில் நூல் சுற்றி, வார்னிஷ் பூசி, பட்டறைச் சுவரின் ஆணியில் மாட்டியிருந்தார் பட்டறைக்காரர், அந்த மூங்கில் தூண்டிலை. ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டதாக மீன்கொத்தி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பல்லியக்கா, காஞ்சிருச்சான்னு பாரேன்!"

"இப்பத்தானேடா பூசினாரு? மூணு நாள் ஆடாம இரு."

"அதுக்குள்ள வெள்ளம் வடிஞ்சு மீனெல்லாம் போயிருமே!"

தூண்டில் உடம்பை இப்படியும் அப்படியும் குலுக்கிப் பார்த்தது. ஆணியிலிருந்து நழுவி மரத்தூளில் பொத்தென்று விழுந்தது. ஈர வார்னிஷில் தூள் அப்பிக்கொண்டது.

பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, அத்தனையும் சுரண்டி, மறுபடி பூசி மாட்டினார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தூண்டில் மெதுவாக, "அக்கா, இப்பக் காஞ்சிருக்குமா?" என்றது.

"போன வெள்ளத்துக்கும் நீ இதையேதான் கேட்ட" என்று பல்லி சொல்லி முடிக்கவில்லை, ஆணி கிறீச்சிட ஆரம்பித்தது.