துரை பெஞ்சு

மலேசியாவில், கோலா சிலாங்கூருக்கு வெளியே அந்த ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் முன்பெஞ்சு எப்போதும் காலிதான். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துத் துரை உட்கார்ந்த இடம். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை லூகாஸ், தன் அப்பாவைப் போலவே அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார்.

"ஜனங்க நிக்கிறாங்க, அதுல உட்காரச் சொல்லுங்களேன்!" என்பாள் மனைவி ஃப்ளோரா.

"துரை இடம் லா! மரியாதை வேணாமா?"

ஒரு ஞாயிறு, துரையின் பேத்தி லண்டனிலிருந்து வந்தாள். லூகாஸ் பெருமையோடு முன்பெஞ்சைக் காட்டினார். அவளோ சிரித்தபடி ஃப்ளோராவிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"என்னவாம்?"

"பின்னால உட்கார்ந்து தூங்கத்தான் துரைக்கு ஆசையாம். உங்கப்பாதான் விடாம முன்னால கூட்டிட்டுப் போய் உட்கார வச்சிருவாராம்!"

பிரசங்கம் பாதிக்கு வருமுன் பேத்தி தூங்கிப்போனாள். நின்றவர்களை முன்பெஞ்சில் உட்காரவைத்த லூகாஸ், சத்தமில்லாமல் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.