பூட்டி வைச்ச வேர்ஷன்

"ஆர் உடைச்சது? நானோ? யோசிச்சுக் கதை, இராகுலன்!"

துறைமுக வீதித் தேத்தண்ணிக்கடையில இருந்தவை எல்லாம் திரும்பிப் பாத்திச்சினம். பாக்கட்டும். நான் போனைக் காதில இன்னும் அழுத்தினன்.

"எங்கட மீன்பிடி அப்பில கடல் மெப் காட்டுற பெக்கேஜைப் பழைய வேர்ஷனில பூட்டி வைச்சது ஆர்? நீ! நான் புதுசுக்கு ஏத்தினன். அலை காட்டுற பெக்கேஜ் பழைய மெப்பை நம்பி நிண்டது, விழுந்திட்டுது. அதையும் ஏத்தினன். இப்ப என்ர லப்டொப்பில ரெண்டும் சோக்கா ஓடுது!"

...

"திருப்பி இறக்கிறதோ? ஏலாது! காரணத்தைச் சொல்லு. உன்னைச் சோம்பேறி எண்டு வட்ஸ்அப் குறூப்பில எல்லாரும் பேசேக்க, 'ஓம், சோம்பல்தான்' எண்டு பல்லைக் காட்டினனி. இப்ப மட்டும் என்ன அவசரம்?"

எங்களோட சேந்து அப்பைச் செய்யிற ஜுமானா மூதூர் பஸ்ஸால இறங்கி வந்தாள். பின்னேரம் விரிவுரையாளருக்கு முன்னால ஒவ்வொருத்தரும் தன்ர தன்ர லப்டொப்பில அப்பை ஓட்டிக் காட்டோணும். ஓடாட்டி பெயில்.

"என்னடி கீர்த்தனி, மீன் மார்க்கட் மாதிரிச் சத்தம்?"

சிரிச்சுக்கொண்டு லப்டொப்பைத் திறந்தாள். அவளிட நானா, அண்ணன்காரன், பாவிச்சுக் கழிச்சது. மூடி செலோடேப்பில நிக்குது. நான் மாத்தின அப்பை அதில டவுன்லோட் பண்ணினாள்.

சிவப்பு எழுத்து வந்தது: இந்த வேர்ஷன் இந்தக் கம்பியூட்டரில ஓடாது.

"அல்லாஹ்! நேத்து வரைக்கும் ஓடினதே?" அவளிட குரல் இறங்கிப் போச்சு. "என்ட மெஷின் பழசெண்டதாலயாடி?"

நான் போனைத் திரும்பக் காதில வைச்சன். இராகுலன் இன்னும் லைனில இருந்தான்.

"டேய்," எண்டன் மெதுவா. "இதுக்காகத்தானோ பூட்டினனி?"

அவன் போனை வைச்சிட்டான். லூசன், இவளைக் காட்டிக்குடுக்காமலே பேச்சு வாங்கியிருக்கிறான்.

"உன்ர மெஷினில ஒரு பிழையும் இல்லையடி," எண்டன் ஜுமானாவுக்கு. "நான்தான் தேவையில்லாம நோண்டிக் கெடுத்துப்போட்டன். பொறு."

ரெண்டு பெக்கேஜையும் பழசுக்கு இறக்கிப் பூட்டினன். அவளிட திரையில மெப் விரிஞ்சுது, குச்சவெளிக் கடலில அலை ஆடிச்சு. "ஹப்பாடா!" எண்டு என்ர தேத்தண்ணியை எடுத்துக் குடிச்சாள், கள்ளி.

நான் குறூப்பில எழுதினன்:

"மெப் பழசாத்தான் இருக்கும். இந்தமுறை பூட்டினது நான். இராகுலனைச் சோம்பேறி எண்டு பேசின ஆக்கள், நான் உட்பட, இஞ்சயே எல்லாருக்கும் முன்னால பதில் சொல்லுங்கோ: பழைய மெப்பில குச்சவெளிக் கடல் தெரியேல்லையோ?"